பெட்ஷீட் வாடைக்குத் தகடு கிடையாது

1. நான் நம்பிய மடத்தனம்

துணியில் வாடை வந்தால், அதைவிடப் பெரிய வாசனை ஒன்றை மேலே ஊற்றிவிட்டால் வாடை பயந்து ஓடிவிடும். இதைத்தான் நான் மனப்பூர்வமாக நம்பிக்கொண்டிருந்தேன். சங்கரன்கோவிலில் சொந்தமாக லாண்டரி வைத்து, ஊரார் துணியை எல்லாம் வெளுத்துக்கொண்டே நம்பிக்கொண்டிருந்தேன். சின்ன ரவுடியை விரட்டப் பெரிய ரவுடியைக் கூப்பிடுகிற கணக்கு. பெரிய ரவுடி வந்து உட்கார்ந்துகொண்டால் அவனை யார் கிளப்புவது என்று யோசிக்கவில்லை.

புதிதாக லாண்டரி போடப்போகிற தம்பிமாரே, முதலில் நன்றாகச் சிரித்துக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் மெஷினைப் போய்ப் பாருங்கள். ஏன் என்று கடைசியில் தெரியும்.

2. தலையணையோடு வந்த அண்ணாச்சி

போன ஐப்பசி. விடாத தூறல். காலையில் ஷட்டரைத் தூக்கினால் எதிரே சண்முகவேல் அண்ணாச்சி நிற்கிறார். ஒரு கையில் குடை, இன்னொரு கையில் கைப்பிள்ளை மாதிரி ஒரு தலையணை. கோயில் பக்கத்தில் இருக்கும் லாட்ஜுக்கு அவர்தான் மேனேஜர். அந்த லாட்ஜின் பெட்ஷீட், தலையணை உறை, டவல் எல்லாம் என் கடைக்குத்தான் வரும்.

"கோமதி, இதைக் கொஞ்சம் மோந்து பாரும்வே." கோமதி நான்தான். எங்கள் ஊரில் ஆம்பளைக்கும் அம்மன் பேர் உண்டு.

மோந்தேன். "நல்லாத்தான அண்ணாச்சி இருக்கு. மல்லிகை வாசம்லா அடிக்கு!"

"மூஞ்சியை உள்ளுக்க வச்சு இழும்."

இழுத்தேன். ஈரத் துண்டைச் சுருட்டி பஸ்ஸில் மறந்துவிட்டு, நாலு நாள் கழித்து டெப்போவில் போய் வாங்கினால் ஒரு வாடை வருமே, அது. அதற்கு மேலே என் மல்லிகைக் கண்டிஷனர்.

"மல்லிகைத் தோட்டத்துக்குள்ள எருமை செத்துக் கிடக்காப்புல இருக்குவே! ஏழாம் நம்பர் ரூம்காரரு என்ன கேக்காரு தெரியுமா? 'இந்த ரூம்ல யாரும் தூக்குப் போட்டாங்களா'ங்காரு."

அண்ணாச்சி அதோடு விடவில்லை.

"நாளைக்கு மதுரையிலேருந்து மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராங்க. லாட்ஜு முழுக்க அவங்கதான். இன்னைக்குப் பொழுதடையதுக்குள்ள எனக்கு வாடையில்லாத பெட்ஷீட் வேணும். இல்லன்னா ராஜபாளையத்துக்காரன்கிட்ட மொத்தமா குடுத்துருவேன். அவன் வேனோட வந்து எடுத்துட்டுப் போறேங்கான்."

இந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு மெஷின். அந்த லாட்ஜும் போய்விட்டால் என் பெரிய ஃப்ரண்ட் லோடு மெஷினுக்குள் என்னுடைய வேட்டி மட்டும்தான் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும். "கவலையே படாதீங்க அண்ணாச்சி" என்று சொல்லி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் லாட்ஜிலிருந்து இரண்டு மூட்டை பெட்ஷீட் வந்து இறங்கியது.

3. பதற்றத்தில் பார்த்த வைத்தியங்கள்

முதல் வைத்தியம், கண்டிஷனரை இரண்டு மடங்காக ஊற்றியது. துணி பிசுபிசு என்று வந்தது. எருமை அப்படியேதான் கிடந்தது. தோட்டம்தான் பெரிதாகியிருந்தது.

அடுத்து சாம்பிராணி. துணியைக் கொடியில் போட்டு, கீழே தூபக்காலை வைத்து, அட்டையால் விசிறு விசிறு என்று விசிறினேன். என் வீட்டுக்காரி ராமலட்சுமி இருமிக்கொண்டே வந்தாள். கடையின் பாதி அவள்தான். அயர்ன், மடிப்பு, வாடிக்கையாளரிடம் என் மானத்தைக் காப்பது எல்லாம் அவள் பொறுப்பு.

"ஏங்க, இது லாண்டரியா, யாகசாலையா?"

"ஏட்டி, சும்மா இரு. வாடை போவுதா பாரு."

மோந்தாள். "வாடை போகல. அதுக்கு இப்ப பக்தி வந்துருக்கு."

அடுத்து நான் செய்ததை இத்தனை நாள் யாரிடமும் சொன்னதில்லை. நேரே கோயில் வாசலுக்கு ஓடினேன். வீட்டில் பாம்பு, தேள் தொந்தரவு என்றால் அந்த உருவம் போட்ட தகட்டை வாங்கி உண்டியலில் போடுவது எங்கள் ஊர் வழக்கம். தகடு விற்கிறவரிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அண்ணாச்சி, கெட்ட வாடைக்குத் தகடு இருக்கா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பாம்புக்கு இருக்கு, தேளுக்கு இருக்கு, பல்லிக்கு இருக்கு. வாடைக்கு என்ன உருவம்வே அடிக்க? மூக்கையா?"

சத்தியமாகச் சொல்கிறேன், மூக்கை அடித்துத் தர எவ்வளவு நேரமாகும் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன்.

4. பொங்கி வழிந்த நம்பிக்கை

கோயில் வாசலிலேயே நின்று போனைத் தேய்த்தேன். ஒரு வீடியோவில் ஒரு அம்மா, துணி வாடைக்கு வினிகர் என்றார். இன்னொன்றில் இன்னொரு அம்மா, சமையல் சோடா என்றார். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது! ஒன்றுக்கே போகிற வாடை இரண்டையும் சேர்த்து அடித்தால் ஊரை விட்டே ஓடாதா?

பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஃபாஸ்ட் ஃபுட் போட்டிருக்கும் மாரியப்பன் என் கூட்டாளி. அவனிடம் வெள்ளை வினிகர் கேன் இருக்கும் என்று தெரியும். ஓடினேன்.

"ஏலே, உன் வினிகரைக் குடு!"

"என்னலே, ஃப்ரைட் ரைஸ் போடப் போறியா?"

"இல்லலே, பெட்ஷீட் போடப் போறேன்."

"என்னமும் செஞ்சு தொலை. ஆனா சோயா சாஸை மட்டும் ஊத்திராத."

கடைக்குப் பின்னாலேயே இருக்கிற வீட்டுக்கு வந்து ஆப்பத்துக்கு வைத்திருந்த சோடா பாக்கெட்டைத் தூக்கினேன். பெரிய டப்பில் தண்ணீர், அதில் சோடா, அதன் மேலே வினிகர். அடேயப்பா! புஸ்ஸென்று பொங்கியது பாருங்கள், தீபாவளிப் புஸ்வாணம் தோற்றது! நுரை டப்பைத் தாண்டி வழிந்து என் காலை நனைத்தது. நான் கைதட்டினேன். "ராமலட்சுமி, ஓடியா! வாடை சாகுது பாரு!" என்று கத்தினேன்.

நுரை அடங்கியது. பெட்ஷீட்டை முக்கி எடுத்து மோந்தோம். எருமை உயிரோடு எழுந்து நின்றது.

ராமலட்சுமி டப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "புளிப்பையும் காரத்தையும் ஒண்ணா ஊத்துனா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுட்டுப் போயிரும்லா? இப்ப இது வெறும் உப்புத்தண்ணி. எங்க காலேஜ்ல கெமிஸ்ட்ரி மேடம் சொன்னதை நான் மறக்கல. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா உங்க மீசை கொட்டிருமா?"

கேட்காததற்குக் காரணம் மீசை இல்லை. பதற்றம் வந்துவிட்டால் எனக்கு அறிவு கடைசி பஸ்ஸில்தான் வரும்.

அவள் செய்த முறையைச் சொல்கிறேன், இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கைப்பிடி சமையல் சோடாவைக் கரைத்து, துணியை அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். பிறகு கொஞ்சமாகச் சோப்புத் தூள் போட்டு அலச வேண்டும். கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணீரில் ஒரு டம்ளர் வெள்ளை வினிகர். கண்டிஷனர் பக்கமே போகக்கூடாது. காய்ந்ததும் வினிகர் வாடை தானாகப் போய்விடும். ஒன்றே ஒன்று, வினிகரையும் பிளீச்சிங்கையும் மறந்தும் சேர்த்துவிடாதீர்கள். அதில் கிளம்பும் புகை நெஞ்சை அடைத்துவிடும். அது விளையாட்டில்லை.

5. ஒரே துணி, இரண்டு வாடை

இரண்டு மூட்டையையும் மெஷினில் போட்டுவிடலாம் என்று நினைத்த நேரத்தில் கரண்ட் போனது. மாதாந்திரப் பராமரிப்பாம்! நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். ராமலட்சுமி சேலையைச் செருகிக்கொண்டு டப்பில் இறங்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் நானும் வேட்டியை மடித்துக் கட்டினேன். முதல் மூட்டை முழுக்கக் கையால், காலால், என் புலம்பலால் துவைக்கப்பட்டது. நல்லவேளை, மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. மாடியில் விரித்தோம்.

மத்தியானத்துக்கு மேல் கரண்ட் வந்தது. இரண்டாவது மூட்டைக்கும் அதே சோடாத் தண்ணீர், அதே ஊறல். ஆனால் அலசல் மட்டும் மெஷினில், கடைசி ரின்ஸுக்கு அதே வினிகர். அதையும் மாடியில் போட்டோம்.

நாலு மணி வாக்கில் போய் எடுத்து மோந்தால், முதல் மூட்டையில் ஒரு வாடையும் இல்லை. வெயில் வாசம் மட்டும்! நான் மாடியிலேயே ஒரு சுற்று ஆடினேன். ஆடிக்கொண்டே இரண்டாவது மூட்டையை மோந்தேன். ஆட்டம் நின்றது.

எருமை!

"ஒரே சோடா, ஒரே வினிகர், ஒரே வெயிலு. ஒண்ணு மணக்கு, ஒண்ணு நாறுது. எப்படிட்டி?" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஒண்ணு டப்புல அலசுனது. ஒண்ணு மெஷின்ல அலசுனது" என்றாள். "நோவு துணிக்கு இல்லங்க."

அதைப் பார்க்க அப்போது நேரமில்லை. இரண்டாவது மூட்டையை மறுபடி டப்பில் போட்டு, அலசி, ஃபேனில் ஆற்றி, அயர்ன் பெட்டியால் ஈரத்தை விரட்டி, விளக்கு வைக்கிற நேரத்துக்கு லாட்ஜில் கொண்டுபோய் இறக்கினோம். அண்ணாச்சி ஒவ்வொன்றாக மூஞ்சியைப் புதைத்துப் பார்த்தார்.

"நல்லாருக்குவே. ஆனா காரணத்தைக் கண்டுபிடிக்காம எத்தனை நாளைக்கு இப்படிக் கையால வெளுப்பீரு? நாளைக்குக் கடைக்கு வாரேன். காரணத்தைக் காட்டும். காட்டுனா அடுத்த மூட்டையும் உமக்குத்தான். இல்லன்னா ராஜபாளையம்."

6. கதவுக்குள் இருந்தது

மறுநாள் சொன்னபடி வந்தார். மெஷினைத் திறந்தேன். டிரம் பளபளவென்று இருந்தது. "பாத்தீங்களா, கண்ணாடியாட்டம் இருக்கு" என்றேன்.

ராமலட்சுமி கதவைச் சுற்றியிருந்த கேஸ்கட் ரப்பரின் மடிப்பை விரலால் விரித்தாள். உள்ளே கறுப்பாக வழவழவென்று ஏதோ. பழைய பல்துலக்கும் பிரஷை விட்டு நெம்பினாள். கறுப்பாக, நீளமாக, வளைந்து நெளிந்து ஒன்று வெளியே வந்தது.

"பாம்பு!"

கத்தியது நான்தான். கண்ணை மூடித் திறப்பதற்குள் அயர்ன் மேஜை மேல் நின்றேன். பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கினார்கள். பார்த்தால் அண்ணாச்சி.

"தகடு வாங்கிப் போடலையாவே?" என்றார், என் தோளைப் பிடித்துக்கொண்டே.

ராமலட்சுமி அதைக் கையால் எடுத்துக் கழுவிக் காட்டினாள். சிரித்து முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது. நாங்கள் இறங்கவும் வெகுநேரம் ஆனது. அண்ணாச்சி இறங்கி, சட்டையைச் சரிசெய்துகொண்டு, "மூட்டையை அனுப்பி வைக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடந்தது இவ்வளவுதான். முந்தைய முகூர்த்தத்தில் லாட்ஜில் தங்கிய யாரோ ஒரு பெண்ணின் தலையிலிருந்து உதிர்ந்த மல்லிகைச் சரம், பெட்ஷீட்டுக்குள் சுருண்டு வந்து, ரப்பர் மடிப்பில் மாட்டி அழுகிக் கிடந்திருக்கிறது. வாடையை விரட்ட நான் ஊற்றிய மல்லிகைக் கண்டிஷனர் பிசினாக அதன்மேல் படிந்து, பூசணத்துக்குத் தீனியாகியிருக்கிறது.