ஆணிவேர் என்று என் காதில் விழுந்தது

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துப் பிழை வரும். ஒன்றைச் சொல்லப் போய் இன்னொன்றில் நிற்பேன். மாதங்கள் முன்பின்னாக மாறியிருக்கும், மறதி கூடிவிட்டது. நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுகிற ஆள் நான். எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு மனுசி, மாசி மாதக் குளிரில், முழங்கால் மடக்க முடியாததால் ஈர நிலத்தில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துக்கொண்டு, முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியை ஒரு பூவின் அடியில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிரெஞ்சு நாட்டில் நான் கண்ட விசித்திரங்களில் அதுதான் பெரியது. பூ என்றால் ஆகா ஓகோ என்று சொல்லும் பூ இல்லை. சுண்டுவிரல் நுனியளவு வெள்ளை, தலையைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கும். பெர்ஸ்-நேஜ் என்பார்கள், பனியைத் துளைத்து வருவது என்று பொருளாம். வெளியே மூன்று இதழ், உள்ளே மூன்று குட்டி இதழ். அந்தக் குட்டி இதழில் இருக்கும் பச்சைப் பொட்டைப் பார்க்கத்தான் கண்ணாடி. பொட்டு மாறினால் சாதி மாறும். அப்படி நாற்பதுக்கு மேற்பட்ட சாதிகளை அந்த மனுசி, மடாம் ஒடெத், தன் வீட்டுப் பின்வளவில், மதிலோரமாக வரிசை வரிசையாக வளர்த்துவந்தார்.

நான் எண்பத்து நான்காம் ஆண்டு என் மகனிடம் வந்தேன். லா சப்பலில் நாலாம் மாடியில் ஓர் அறை. மண் என்று சொல்ல அங்கே கறிவேப்பிலைச் சாடி ஒன்றுதான், அதுவும் முதல் குளிரிலேயே பட்டுப்போனது. மகன் வேலை செய்த உணவுக்கடைக்கு வருகிற ஒருவர் மூலமாக மடாமின் வீடு கிடைத்தது. மடாமுக்கு முழங்கால் மடங்காது. அவருக்காகக் குனிய ஓர் ஆள் வேண்டும். முதல் நாள் மகன் கூட வந்து மொழிபெயர்த்தான். மடாம் மதிலோரத்தைக் காட்டி ஏதோ சொல்லச் சொல்ல, ‘ஒன்யோன், ஒன்யோன்’ என்று ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது.

“வெங்காயமாம் அம்மா,” என்றான் மகன். “உங்கடை தொழில்தானே, பிறகென்ன.”

“பூவெல்லோடா பூத்திருக்கு?”

“அடியிலை வெங்காயமாம். இஞ்சை அப்பிடித்தான் சொல்லுவினம்.”

ஒரு புல்லை இழுத்துப் பார்த்தேன். அடியில் எங்கள் சின்ன வெங்காயத்தைப் போலவே உருண்டையாக, தோல் மூடி, கீழே மீசை வேரோடு இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடல் கடந்து வந்தும் வெங்காயம் என்னை விடவில்லை.

எங்கள் தோட்டம் இலங்கையில், உரும்பிராயில். என் கணவர் இருக்கும்போதும் அவர் போன பிறகும் வெங்காயம்தான் செய்தேன். அந்தத் தோட்டத்தை நினைத்து நான் உருகுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம். என் முதுகு முறிந்தது அங்கேதான். ஆனால் கை பழகிவிட்டது. இழுத்த வெங்காயத்தை மண் தட்டி, வெயிலில் காயப்போட்டு, தாளோடு சேர்த்துப் பிடி பிடியாகக் கட்டி, கொட்டிலின் கூரை வளையில் தொங்கவிட வேண்டும். காற்றுப் பட வேண்டும், ஈரம் படக்கூடாது. அப்படி வைத்தால் அடுத்த போகத்துக்கு விதை. நான் புறப்பட்ட அன்றும் விதைவெங்காயம் அப்படித்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு ஆமி வந்து போனதில் கொட்டில் எரிந்துவிட்டது என்றும், வெங்காயம் வெந்த மணம் மூன்று நாள் நின்றது என்றும் தங்கச்சி எழுதியிருந்தாள்.

கிழமைக்கு இரண்டு நாள் கார் து நோர் ஸ்டேஷனில் ரயில் ஏறி மடாமின் ஊரான பியர்ஃபித் போவேன். மடாம் கதிரையில் இருப்பார், நான் குனிந்திருப்பேன். துத்தநாகத் தகட்டில் பெயர்கள் எழுதி மண்ணில் குத்தியிருந்தார், எனக்கு அவை வாசிக்க வராது. நானாகப் பெயர் வைத்துக்கொண்டேன். ஒற்றைப் பொட்டு இருப்பது மூக்குத்தி. இதழ் அடுக்காய் இருப்பது பாவாடைக்காரி. காம்புமுனை மஞ்சளாய் இருப்பது காமாலை. என்னவென்று மடாம் கேட்க, கையால் மூக்கைக் காட்டி, பாவாடையைக் காட்டி விளக்கினேன். காமாலைக்கு நான் கண்ணைக் காட்டி, நாக்கைத் தள்ளி, சாகிறமாதிரி நடித்தபோது கதிரை ஆடும்படி சிரித்தார். அதன் பிறகு அவரும் ‘மூகுதி’ என்றே சொல்வார்.

ஒன்றுக்கு மட்டும் நான் பெயர் வைக்கவில்லை. அதன் தகட்டில் ஒடெத் என்று மடாமின் பெயரே இருந்தது. ரயில்வேயில் வேலை செய்த அவருடைய கணவர், விதையிலிருந்து முளைத்த குட்டிகளுக்குள் அதைக் கண்டுபிடித்து மனைவியின் பெயரை வைத்தாராம். உள்ளிதழ் முழுக்கப் பச்சை, விளிம்பில் மட்டும் நூல்போல வெள்ளை. மனுசன் போய்ச் சேர்ந்துவிட்டார். அது அந்த மதிலோரத்தைத் தவிர வேறெங்கும் இல்லை. இதைச் சொல்ல மடாம் உலகப் படத்தை எடுத்துவந்து, நாடு நாடாக விரலை வைத்து, ‘நோன், நோன், நோன்’ என்றார். இலங்கையிலும் விரலை வைத்து ‘நோன்’ என்றார். கடைசியில் விரலைத் தூக்கி நிலத்தைக் காட்டினார். எனக்கு நன்றாகவே விளங்கியது.

அவர் என்னை ‘தூ’ என்று கூப்பிடத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான். எங்கள் ‘நீ’தான் அது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. “வேலைக்காரியெண்டு நினைச்சிட்டாவோ?” என்று மகனிடம் கேட்டேன். “இல்லையணை, உங்களைச் சொந்தக்காரியாய் எடுத்திட்டா. பிறத்தியாருக்குத்தான் வூ போடுவினம்,” என்றான்.

மறு வருடம் பங்குனியில் மடாமுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை. பிறகு தெற்கே ஓர் இல்லத்தில் தங்கி நடை பழக வேண்டும், புரட்டாசியில்தான் திரும்புவார். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் பின்மதிலை இடித்துக் கட்டப்போகிறார். மதிலோரம் வெறுமையாக வேண்டும். போவதற்கு முதல் நாள் மடாம் தடியை ஊன்றிக்கொண்டு என்னை வாசல் படலைக்கு நேரே நின்ற பேரிக்காய் மரத்தடிக்குக் கூட்டிப்போனார். மதிலைக் காட்டினார், பிடுங்குகிற மாதிரிக் காட்டினார். மரத்தடியைக் காட்டி, நடுகிற மாதிரிக் காட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சொல்லை இரண்டு தரம் சொன்னார்.

அவர் சொன்னது ‘ஆன் வேர்’. பச்சையாக, இலை பச்சையாய் இருக்கும்போதே, என்று பொருள். இழுத்த கையோடு நட்டுவிட வேண்டும், அந்தக் கிழங்கு காயக்கூடாது. எனக்கு அது அப்போது தெரியாது. குளிர்காலத்தில் என்பதற்கு இந்த ஊரில் ‘ஆன் இவேர்’ என்பார்கள். அதை மறக்காமல் இருக்க நான் ‘ஆணிவேர்’ என்று மனதில் போட்டு வைத்திருந்தேன். மடாம் சொன்னபோது என் காதில் விழுந்தது ஆணிவேர்தான். சரி, வெங்காயத்தை இப்போது இழுத்து வைத்து, குளிர்காலத்தில் மரத்தடியில் நடச் சொல்கிறார் என்று தலையாட்டினேன். மடாமும் தலையாட்டினார். இரண்டு பேருக்கும் நிம்மதி.

என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக ஒரு வேலை செய்ததில்லை. ஒவ்வொரு சாதியையும் தனித்தனியாக இழுத்தேன். மண் தட்டி, சாக்கில் பரப்பி, நாலு நாள் வெயில் காட்டினேன். தாள் வாடியதும் பிடி கட்டி, தகட்டையும் சேர்த்துக் கட்டி, கருவிக் கொட்டிலின் வளையில் வரிசையாகத் தொங்கவிட்டேன். ஒடெத்துக்கு மட்டும் சிவப்பு நூல். எல்லாம் முடிந்து வாசலில் நின்று பார்த்தபோது, மடாம் வந்து பார்த்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

இனி எழுதப்போவதை மகனுக்கும் நான் சொல்லவில்லை. ஆடி மாதத்தில் ஒரு நாள் பிடிகளைத் தொட்டுப் பார்த்தேன். வெங்காயம் காய்ந்தாலும் கையில் பாரம் இருக்கும். இவற்றில் பாரமே இல்லை. சில கிழங்குகள் திராட்சை வற்றல் மாதிரிச் சுருங்கியிருந்தன. எனக்குள் ஏதோ தட்டியது. அந்த இல்லத்தின் தொலைபேசி இலக்கம் மகனிடம் இருந்தது. ஒரு சொல் சொன்னால் அவன் கேட்டிருப்பான். வெள்ளைக்காரருடைய வெங்காயம் இப்படித்தான் போலும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கொட்டிலைப் பூட்டினேன். ஆணிவேர் என்று கேட்டது காதின் பிழை. ஆடி மாதத்தில் வாயைத் திறக்காதது என் பிழை.

மடாம் திரும்பி வந்த அன்று தடியில்லாமல் நடந்து காட்டினார். நேரே பேரிக்காய் மரத்தடிக்குப் போய் நிலத்தைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். நான் ஓடிப்போய்க் கொட்டிலைத் திறந்து விட்டேன். உள்ளே அவர் அண்ணாந்து பிடி பிடியாகப் பார்த்தார். “ஒடெத்?” என்றார். சிவப்பு நூல் பிடியை அவிழ்த்துக் கொடுத்தேன். ஒரு கிழங்கை விரலால் அழுத்தினார். தோல் உமியாக உதிர்ந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

‘பார்தோன்’ என்று மன்னிப்புக் கேட்டேன், தெரிந்தது அவ்வளவுதான். மடாம் கத்தவில்லை. கத்தியிருந்தால் அழுதிருப்பேன், அவரும் அழுதிருப்பார், அதோடு போயிருக்கும். பிடியை என் கையில் திருப்பித் தந்து, மெதுவாக, பிள்ளைக்குச் சொல்வது போல, “வூ சாவே பியான் திராவாயே,” என்றார். நீங்கள் நன்றாக வேலை செய்திருக்கிறீர்கள். அவர் சொன்னதில் முதலில் என் காதில் தைத்தது அந்த ‘வூ’தான். எனக்கு மரியாதை கிடைத்த அன்றே அந்த வளவில் என் இடம் போய்விட்டது.

வீட்டில் மகனோடு சண்டை.

“நீதானேடா வெங்காயமெண்டனீ!”

“நான் அந்தச் சொல்லைத்தானேயணை சொன்னனான். காயப்போடச் சொன்னனானே?”

“வெங்காயத்தைக் காயப்போடாமல் என்ன செய்யிறது?”

கடைத்தெருவுக்கும் கதை போய்விட்டது. அடுத்த கிழமை மரக்கறிக்கடைக்காரர் என்னைக் கண்டதும், “என்னணை ஆச்சி, வெள்ளைக்காரியின்ரை பூவையெல்லாம் வத்தல் போட்டிட்டியளாம்! அப்பிடியே மோர்மிளகாயும் போட்டிருக்கலாமே!” என்றார். கடையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

மடாம் கிழங்குகளைத் தண்ணீரில் ஊறவைத்து, நான் குழி எடுக்க, தன் கையாலேயே மரத்தடியில் வைத்தார். இப்போது அவருக்குக் குனிய வரும். தை, மாசியில் மூக்குத்தி நாலைந்தும், பாவாடைக்காரி இரண்டும் மெலிந்து வந்தன. காமாலை வரவில்லை. சிவப்பு நூலை ஒரு குச்சியில் கட்டிவைத்த இடத்தில் மண் அப்படியே கிடந்தது. ஒவ்வொரு முறை போகும்போதும் மடாமுக்குத் தெரியாமல் முதலில் அந்த இடத்தைத்தான் பார்ப்பேன். நான் போவதற்கு முன்பே அவர் பார்த்திருப்பார், ஈர மண்ணில் சப்பாத்து அடையாளம் இருக்கும். பங்குனியில், இனித் தானே பார்த்துக்கொள்வதாக மகனுக்குத் தொலைபேசியில் சொன்னார். நன்றியும் சொன்னாராம். வூ போட்டுத்தான் சொல்லியிருப்பார்.

சிவப்பு நூல் பிடியிலிருந்து ஒரு கிழங்கை நான் எடுத்து வைத்திருக்கிறேன். களவு என்றால் களவுதான். அந்த வளவில் நடுகிற உரிமை எனக்கு இல்லை. நாலாம் மாடியில் நட மண் இல்லை. ஊரில் கொட்டிலும் இல்லை. சில நாட்களில் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பேன், கையில் இருப்பதே தெரியாது.

பிரெஞ்சு தெரிந்தவர்கள் நான் எழுதிய சொற்களைச் சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். ஆன் வேர், ஆன் இவேர் இரண்டையும் முக்கியமாகப் பாருங்கள். காய்ந்த கிழங்கு ஒரு வருடம் மண்ணுக்குள் கிடந்து மறு வருடம் எழும்புவது உண்டா என்பதையும், தோட்டம் தெரிந்த யாராவது எழுதுங்கள். பியர்ஃபித்தில் இருக்கும் எங்கள் சனத்துக்குச் சொல்கிறேன், ஸ்டேஷனால் இறங்கி இடப்பக்கம் திரும்பினால் மூன்றாவது தெருவில் பச்சை இரும்புப் படலை உள்ள வீடு. மாசி மாதத்தில் அந்தப் பக்கம் போனால், படலை இடுக்கால் பேரிக்காய் மரத்தடியைப் பாருங்கள். வலப்பக்கம் ஒரு குச்சி நிற்கும், நூல் வெளிறியிருக்கும். அதனடியில் வெள்ளையாக ஏதாவது தெரிகிறதா என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள். மடாம் வெளியே வந்து யாரென்று கேட்டால், வழி தவறி வந்ததாகச் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டாம்.