மயூரதன் கழற்றிய குழாய்கள்

ஒரு காரின் பானட்டைத் திறந்ததும் மற்ற மெக்கானிக்குகள் எது பழுது என்று தேடுவார்கள். மயூரதன் அண்ணன் எது இல்லாமல் இந்த வண்டி ஓடும் என்று தேடுவார். ஏதாவது ஒரு குழாயை விரலால் தட்டி, "இது என்னத்துக்கு?" என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். நாம் வாயைத் திறப்பதற்குள் அவர் கையில் ஸ்பானர் ஏறியிருக்கும்.

மெல்பர்னில் டண்டினொங் ரயில் நிலையத்தைத் தாண்டி, கிடங்குகளும் தொழிற்சாலைகளும் நெருக்கியடித்து நிற்கும் தெருவில் எங்கள் ஒர்க்‌ஷாப். பழைய அமெரிக்கக் கார்கள் மட்டும்தான் வரும். முதலாளி கிரேம், இந்த ஊர்க்காரர். அண்ணன் யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி வந்தவர். வந்து பத்து வருஷத்துக்கு மேலாகியும் கையில் இருப்பது தற்காலிக விசாதான். மனைவி வசந்தினி அக்காவும் மகளும் இன்னும் அங்கே, சுன்னாகத்தில். நான் பாகங்கள் வாங்கித் தரும் மேசையில் இருக்கிறேன். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் நான். மெக்கானிக்கல் இன்ஜினியரிங். அந்தச் சான்றிதழின் நகல் என் மேசைக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. அண்ணன் அதைப் பார்க்கும்போதெல்லாம், "தம்பி செந்தில்நாதன், உதுக்கு ஒரு ஊதுபத்தி கொளுத்தேல்லையோ?" என்பார்.

என் வேலை சுலபம் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் ஊரில் முருகேசன் வந்தான் என்றால் எந்த முருகேசன் என்று கேட்பார்கள். மேலத்தெருவா, டிராக்டர்காரனா, ரெண்டாம் தாரத்து மகனா? கார் விஷயமும் அப்படியே. 'மலிபு' என்று காரின் பெயரை மட்டும் சொல்லி அமெரிக்காவில் ஒரு ஆணியைக்கூட வாங்க முடியாது. எந்த வருஷம்? இரண்டு கதவா, நான்கா, பின்னால் நீண்ட ஸ்டேஷன் வேகனா? வெறும் மலிபுவா, மலிபு கிளாசிக்கா? எழுபத்தாறாம் வருஷத்து வெறும் மலிபுவுக்கு முகத்தில் வட்ட விளக்கு. கிளாசிக்குக்குச் சதுர விளக்குகள், ஒன்றின்மேல் ஒன்றாக. அதற்கும் மேலே ஒரு கேள்வி இருக்கிறது: கலிபோர்னியாவில் விற்றதா, மற்ற மாநிலத்தில் விற்றதா? எழுபதுகளில் அமெரிக்காவில் புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இறுகியபோது கலிபோர்னியா இன்னும் ஒரு படி கடுமையாக இருந்தது. அதனால் ஒரே காருக்கு அங்கே ஒரு வயிறு, மற்ற மாநிலங்களில் ஒரு வயிறு. எக்ஸாஸ்ட்டுக்குள் காற்றை ஊதும் பம்ப், பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கும் கரிக் குடுவை, எரிந்த புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்கே அனுப்பும் வால்வு, இவற்றையெல்லாம் கோக்கும் மெல்லிய ரப்பர் குழாய்கள். பானட்டைத் திறந்தால் இடியாப்பம் பிழிந்து வைத்தது மாதிரி இருக்கும்.

அந்த இடியாப்பத்தைக் கண்டால்தான் அண்ணனுக்கு ஆகாது.

காரணம் உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடை வந்து யாழ்ப்பாணத்துக்குள் பெட்ரோல் வராமல் போனபோது, அவர் மாமாவின் ஆஸ்டின் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. ஸ்டார்ட் பண்ண மட்டும் சின்னப் போத்தலில் பெட்ரோல். கார்புரேட்டருக்குள் சில சொட்டு விட்டு, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட வேண்டும். "ஒரு குழாய் கூட இருந்தா அதில ஒரு ஒழுக்கு கூட இருக்கும். ஒழுகினா ஆசுப்பத்திரிக்குப் போற ஆள் நடுரோட்டில," என்று ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார். அவர் பள்ளிக்கூடத்தில் படித்ததைவிட அந்தக் காரில் படித்ததே அதிகம். கழற்றினால் உயிர் பிழைக்கலாம் என்பதே படிப்பு.

இங்கே வந்த பிறகும் அந்தப் படிப்பு செல்லுபடியானது. ஏனென்றால் எங்களிடம் வண்டி கொண்டுவரும் பத்துப் பேரில் ஒன்பது பேர், "அந்தப் புகைச் சாமானையெல்லாம் முதலில் கழற்றி எறி, வண்டி கொஞ்சம் மூச்சு விடட்டும்," என்பவர்கள்தான்.

பத்தாவது ஆளாக வந்தார் நரசிம்மன் சார்.

சிட்னியில் ஹோம்புஷ் பக்கம் இருப்பவர். சென்னைக்காரர், கம்ப்யூட்டர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறாம் வருஷத்து மலிபு கிளாசிக், நான்கு கதவு, சந்தன நிறம், கலிபோர்னியாப் பதிப்பு. அங்கிருந்தே கப்பலில் வரவழைத்திருந்தார். நின்றால் குலுங்கியது, ஏற்றத்தில் திணறியது. எல்லாம் கம்பெனியிலிருந்து வந்த மாதிரியே இருக்க வேண்டும் என்று எனக்கு எழுதியிருந்தார். சரி செய்து சிட்னிக்குக் கொண்டுபோய், ஹெலன்ஸ்பர்க் கோயிலில் முதல் பூஜை போட வேண்டும் என்பது திட்டம்.

கிரேம் அப்போது குவீன்ஸ்லாந்துக்கு, தங்கை வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். போகும் முன் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னார்: இந்த வண்டி முழுக்க உன் பொறுப்பு. சரியாக முடித்தால் பின்பக்கக் கொட்டகையை உன் பெயருக்கே வாடகைக்கு விடுகிறேன், நீயே தனியாகத் தொழில் நடத்தலாம்.

அன்று மத்தியானம் அண்ணன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. பின்பக்கக் கொட்டகையின் ஷட்டருக்கு மேலே இருந்த வெற்றுத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ர பேர் அச்சில கிடக்கிறது விசாக் கடிதத்தில மட்டும்தான், தம்பி. உதில ஒரு பேர்ப்பலகை வந்தா படம் எடுத்து வசந்தினிக்கு அனுப்புவன். அவள் இன்னும் நான் ஆரோ ஒருத்தற்ற கடையில டயர் மாத்துறன் எண்டுதான் நினைக்கிறாள்."

"டயரும்தானே மாத்துறீங்க அண்ணே."

"வாயை மூடு," என்றார் சிரித்துக்கொண்டு.

"சாருக்கு எல்லாம் ஒரிஜினலா வேணுமாம்," என்று நான் அவரிடம் சொன்னது உண்மை. அண்ணனுக்கு ஒரிஜினல் என்றால் பெயிண்ட், சீட்டுத் துணி, க்ரோம் பட்டி. புகைக் குழாயைப் போய் ஒரு மனுஷன் ஆசைப்படுவான் என்று அவருக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை.

நான் அமெரிக்காவிலிருந்து வரவழைத்த புதுக் குழாய்ப் பெட்டி வந்த அன்று, அதைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. சும்மா சொல்லக் கூடாது, வெண்ணெயாக ஓடியது. பானட்டுக்குள் பார்த்தேன். இடியாப்பத்தைக் காணோம். பம்ப் இல்லை, குடுவை இல்லை, வால்வு இருந்த இடத்தில் தகடு வெட்டி மூடியிருந்தது. குழாய் வாய்களில் எல்லாம் ஆணி அடைத்துக் கம்பி கட்டியிருந்தது.

"அண்ணே, குழாய் வந்துருக்கு."

"உது இனித் தேவையில்லைத் தம்பி. நோய் அதிலதான் இருந்தது. கேள், எப்பிடிப் பாடுது."

"கழட்டினதெல்லாம் எங்க?"

"இரும்புத் தொட்டியில. நேற்று லொறி வந்து ஏத்திக்கொண்டு போட்டுது."

சார் எழுதியது எனக்கு ஞாபகம் வந்தது. ஆனால் வண்டி இவ்வளவு அழகாக ஓடும்போது எந்த மனுஷன் குறை சொல்வான் என்று நானும் நினைத்தேன். பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டேன்.

நரசிம்மன் சாரும் அவர் மனைவி ராதா அம்மாவும் சனிக்கிழமை காலை வந்தார்கள். மெல்பர்னில் இருக்கும் மகள் வீட்டில் ஒரு வாரம் தங்க வந்தவர்கள். அண்ணன் தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். சாவியைத் திருப்பினார். சார் முகம் மலர்ந்தது. பிறகு பானட்டைத் திறக்கச் சொன்னார்.

திறந்ததும் குனிந்து இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார்.

"அதெல்லாம் எங்க?"

"எது ஐயா?"

"பம்ப். குழாய். கரிக் கேனிஸ்டர். எல்லாம்."

"கழட்டி எறிஞ்சு போட்டன் ஐயா," என்றார் அண்ணன். அவருக்குக் குரல் அப்போதே இறங்கிவிட்டது. "உதுகளாலதான் வண்டி திணறினது. இப்ப பாருங்கோ..."

"யாரைக் கேட்டுக் கழட்டினீங்க? நான் ஓடற காரு வேணும்னா பக்கத்து ஷோரூம்ல வாங்கியிருக்க மாட்டேனா?"

சார் வெளியே போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கிரேமோடு பேசிக்கொள்கிறேன் என்றார். ராதா அம்மாதான் பானட்டின் அருகிலேயே நின்று, உள்ளே ஒட்டியிருந்த ஒரு பழைய ஸ்டிக்கரைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். எந்தக் குழாய் எங்கே சேர வேண்டும் என்ற படம் அது.

"எண்பத்தஞ்சுல இவர் லாஸ் ஏஞ்சலஸ்ல படிச்சிண்டிருந்தார்," என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். "கல்யாணமாகி நான் போய் இறங்கினப்போ எங்களுக்குன்னு இருந்தது இதே மாதிரி ஒரு பழைய மலிபுதான். புகை டெஸ்ட்ல ஃபெயில் ஆயிண்டே இருந்தது. மெக்கானிக்குக்குக் குடுக்கக் காசு கிடையாது. ஸ்டிக்கரைப் பார்த்து நான் படிப்பேன், இவர் ஒவ்வொரு குழாயா மாத்துவார். ஊர்ல யாரையும் தெரியாது. பேசறதுக்கு விஷயமும் தெரியாது. நாங்க ரெண்டு பேரும் பேசிப் பழகினதே அந்தக் குழாய் மாத்தறச்சதான். கல்யாண ஆல்பத்தைவிட இந்த ஸ்டிக்கரைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கேன்."

அவர்கள் போன பிறகு அண்ணன் ஒரு டயரின் மேல் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து போனை எடுத்தார். வசந்தினி அக்காவுக்கு என்று நினைத்தேன். கூப்பிட்டது கிரேமை. உடைந்த ஆங்கிலத்தில் நடந்ததை நடந்தபடியே சொன்னார். அந்தப் பக்கம் கிரேம் ஏதோ சொல்ல, இவர் "ஓகே, ஓகே" என்று வைத்தார்.

"என்ன சொன்னார்?"

"பொருத்திக் குடு. பிறகு கொட்டகையைப் பற்றிக் கதைப்பம் எண்டவர்." எழுந்தார். "ஐயா சொல்லி கிரேம் கேட்கக் கூடாது, தம்பி. நான் சொல்லித்தான் கேட்கோணும். வா, இரும்புக்கடை பூட்ட முந்திப் போவம்."

பழைய இரும்புக் கிடங்கில் மலைமலையாகக் கிடந்தது. எங்கள் தொட்டியைக் கொட்டிய மூலையைக் காவலாளி காட்டினார். அண்ணன் இஸ்திரிச் சட்டையோடு அதற்குள் இறங்கினார். பம்ப் கிடைத்தது. வால்வு கிடைத்தது. கரிக் குடுவை மட்டும் ஒரு ஃபிரிட்ஜுக்கு அடியில் நசுங்கி அப்பளமாகியிருந்தது.

இங்கே என் மேசைப் படிப்பு கொஞ்சம் உதவியது. மலிபுவுக்கு அந்தக் காலத்தில் பங்காளிகள் உண்டு. அதே தாய்க் கம்பெனி அதே அளவு உடம்புக்கு வேறு முகமும் வேறு பெயரும் கொடுத்து 'கட்லஸ்' என்றும் விற்றது. உள்ளே சில சாமான்கள் ஒன்றேதான். கிலாங் போகும் வழியில் பழைய கார்களை உடைத்து விற்கும் ஒருவரிடம் செத்த கட்லஸ் ஒன்று கிடப்பது எனக்குத் தெரியும். போன் போட்டேன். குடுவை இருந்தது. அண்ணன் வழியெல்லாம் அதைப் பிள்ளைத் தலை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

திரும்பி வந்ததும் நானே எதிர்பார்க்காத ஒன்றைச் செய்தார். நரசிம்மன் சாரைக் கூப்பிட்டார்.

"ஐயா, சாமான் எல்லாம் வந்திட்டுது. நான் தனியப் பூட்டினா எனக்குத் தெரிஞ்ச மாதிரித்தான் பூட்டுவன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவ வாசிக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். சார் முதலில் நாற்காலியை விட்டு எழவில்லை. ராதா அம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றி ஸ்டிக்கரைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார். அண்ணன் ஒவ்வொன்றாகப் பொருத்தினார். மூன்றாவது குழாயில் சார், "அது இல்லை, கார்புரேட்டர் பின்னாடி," என்றார். ஐந்தாவதில் எழுந்து வந்தார்.

"நீங்க தப்பா மாட்டறதையே நாற்பது வருஷமா நான் பார்த்துண்டிருக்கேன். அவர் சரியாத்தான் மாட்டறார், கையை எடுங்கோ," என்றார் ராதா அம்மா.

"உனக்கு அப்பவே இடது வலது தெரியாது."

அண்ணன் இருவருக்கும் நடுவில் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார். அலமாரியில் கிடந்த என் குழாய்ப் பெட்டி காலியானது.

சாவியைத் திருப்பினார்கள். வெண்ணெயாக ஓடவில்லை. கொஞ்சம் இருமியது. நின்றபோது லேசாக நடுங்கியது. முன்பு போலத் திணறவில்லை, அவ்வளவுதான். அண்ணன் முகம் சுருங்கியது. கை தானாக ஸ்பானருக்குப் போனது.

"தொடாதீங்கோ," என்றார் சார். காதைச் சாய்த்துக் கேட்டார். "இப்படித்தான் இருமும். காலைல ஏழரை மணி கிளாஸுக்குப் போறச்ச இப்படித்தான்."

கிளம்பும்போது சார் அண்ணனின் கையைப் பிடித்து, "உங்களுக்கு இது பிடிக்கலைன்னு தெரியறது," என்றார்.

"எனக்குப் பிடிக்கேல்லை ஐயா. ஆனா விளங்குது."

கிரேம் திரும்பி வந்து அந்த மாதமே கொட்டகை வாடகைப் பேப்பரில் கையெழுத்துப் போட்டார். ஒரு நிபந்தனையோடு: கழற்றுவதை எல்லாம் கட்டிப் பெயர் எழுதி வை, வண்டிக்காரன் சொல்லாமல் தொட்டியில் போடாதே. ஷட்டருக்கு மேலே பலகை ஏறியது. நீலத்தில் வெள்ளை எழுத்து, 'மயூரதன்' என்று ஆங்கிலத்திலும் தமிழிலும். ஏணியின் கீழே நின்று நான்தான் படம் எடுத்தேன். வசந்தினி அக்காவிடமிருந்து உடனே பதில் வந்தது: ஷட்டருக்கு பெயிண்ட் அடிக்க மாட்டீங்களோ?

அந்தக் கொட்டகைக்கு முதலில் வந்தது எழுபத்தைந்தாம் வருஷத்து வெறும் மலிபு, இரண்டு கதவு, வட்ட விளக்கு. அண்ணன் பானட்டைத் திறந்தார். விரல் பழக்கத்தில் ஒரு குழாயைத் தட்டியது.

"தம்பி, இது என்னத்துக்கு?"

நான் மேசையில் தலையை நிமிர்த்தாமல் இருந்தேன். ஸ்பானர் சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், குழாயை இரண்டு விரலில் பிடித்தபடி அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்ப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை. சுவரில் தொங்கும் சான்றிதழ் பக்கம் திரும்பாமல், இருவரும் ஸ்டிக்கரைத் துடைத்துக் குனிந்து வாசித்தோம்.