பீமாருக்கு ஒரு பாய்

நேற்று மத்தியானம் ரசஞ்சாதத்தில் நறுக்கென்று ஒரு கல் கடிபட்டது. "துப்பிடுங்க, பல்லு போயிடப் போகுது" என்றாள் மனைவி. இப்போதெல்லாம் அரிசியில் கல்லைப் பார்ப்பதே அபூர்வம். உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு சுக்ராம் ஞாபகம் வந்துவிட்டது.

ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து மண்ணச்சநல்லூரில் ஓர் அரிசி ஆலைக்கு வேலைக்குப் போன காலம் அது. சூப்பர்வைசர் என்று பேர். துவைத்தாலும் போகாத தவிட்டு வாசனைதான் மிச்சம். சுக்ராம் பீகாரிலிருந்து அந்த ஆலைக்குக் கூலி வேலைக்கு வந்தவர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவரோடு வந்தவர்களில் கொஞ்சம் தமிழ் தெரிந்த இருவரும் அப்போது ஊருக்குப் போயிருந்தார்கள்.

அந்த வாரம் காந்தி மார்க்கெட் வியாபாரி ஒருவர், அரிசியில் கல் என்று மூட்டைகளைத் திருப்பி அனுப்பியிருந்தார். முதலாளி என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டார். அந்த நேரம் பார்த்து சுக்ராம் வந்து கைகூப்பி நின்றார். மெஷின் இரைச்சலில் மூன்று சொற்கள்தான் காதில் விழுந்தன: மா, கல், பீமார்.

"கல்லுதானே? எனக்கே தெரியும். அங்க போய் நில்லுங்க" என்று கல் பிரிக்கும் மெஷினைக் காட்டினேன். பாவம், சாயங்காலம் வரை அங்கேயே நின்றார்.

பஸ் கொள்ளிடம் பாலத்தில் போகும்போது எனக்குப் பொறி தட்டியது. சின்ன வயதில் சித்திரை வீதி மாமி ஒருவரிடம் ஹிந்தி டியூஷன் போனவனாயிற்றே நான்! அதில் முழுசாக மனதில் நின்றது மாமி நெய் காய்ச்சும் வாசனைதான். இருந்தாலும் கல் என்றால் நாளை, மா என்றால் அம்மா என்பது மறக்கவில்லை. ஆக, நாளைக்கு அம்மா வருகிறாள், பீமார் என்று யாரோ துணைக்கு வருகிறார். என் அறிவை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் இரண்டு கோரைப்பாய் வாங்கிக்கொண்டு போனேன். "அம்மாவுக்கு ஒண்ணு, பீமாருக்கு ஒண்ணு." பீமார் என்றதும் அவர் வேகமாகத் தலையாட்டினார். "ஹாங், மா பீமார்!" பாய்களை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் லோடு ஏற்ற வந்த லால்குடி டிரைவர் வடக்கே லாரி ஓட்டியவர். சுக்ராமிடம் பேசிவிட்டு என்னிடம் வந்தார்.

"பீமார்னா ஆளு இல்லீங்க சார். உடம்பு சரியில்லைன்னு அர்த்தம். அவங்கம்மா படுத்த படுக்கையா இருக்காங்களாம். அன்னிக்கே லீவு கேட்டாராம்."

"கல்லுன்னா நாளைக்குத்தானே?"

"நேத்துக்கும் அதேதாங்க. முந்தின நாள் ஊர்லேர்ந்து சேதி வந்துச்சுன்னுதான் அன்னிக்கு சொல்லியிருக்காரு."

நேற்றைக்கும் நாளைக்கும் ஒரே சொல்லா என்று கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது? அன்றைக்கே திருச்சி ஜங்ஷனுக்கு அழைத்துப் போய் ரயிலேற்றினேன். மன்னிப்புக் கேட்கவும் ஹிந்தியில் ஒரு சொல் இல்லை என்னிடம். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். தாகம் என்று நினைத்தாரோ என்னவோ, தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். வாங்கிக் குடித்தேன். வேறென்ன செய்ய?

அவர் ஊர் போய்ச் சேருவதற்கு முந்தின நாளே அம்மா போய்விட்டாராம். திரும்பி வந்த கூட்டாளிகள் சொன்னார்கள். சுக்ராம் திரும்பி வரவில்லை.

இப்போது ஆலைகளில் போனை நீட்டினால் அதுவே தமிழில் சொல்லிவிடுகிறது. கல்லையும் மெஷின் விடுவதில்லை. அம்மாவுக்குக் கொடுத்த பாயை அவர் கையோடு எடுத்துப் போனார். பீமாரின் பாய் ஆலை மூலையில் வெகுநாள் பிரிக்காமலே சாய்ந்திருந்தது. அந்தக் கட்டடத்தை இடித்தபோது அதுவும் போய்விட்டது.