சாவு வீட்டு அடுப்பில் எரிந்த மரப்பாதை

போன மார்ச்சில் நான் மடுல்சீமைக்குப் போனதற்கு ஒரு போட்டோதான் காரணம். ஆட்டோ ஓட்டும் ரவி அனுப்பியிருந்தான். தேயிலைத் தோட்டத்துச் சதுப்பில் தண்ணீர் வடியக் கான் வெட்டியபோது, சேற்றுக்கடியில் மரக்கட்டைகள் குறுக்காக, நெருக்கி அடுக்கியபடி தெரிந்திருக்கின்றன. ஈரநிலத்தில் கட்டை பரப்பிப் பாதை போடுவது பழைய முறை. சேற்றுக்குள் காற்றுப் போகாததால் மரம் சீக்கிரம் மக்காது. படம் பல மாதம் பழையது என்பதை மட்டும் அவன் சொல்லவே இல்லை, பாவி.

பதுளையிலிருந்து பசறை வழியாகக் காலை ஏழு மணி பஸ், ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். பிறகு ரவியின் ஆட்டோ, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். சதுப்போடு ஆட்டோப் பாதை முடிந்துவிடுகிறது. எதிர்க்கரையில் தொழிலாளர் குடியிருக்கும் லயம் தெரிகிறது, ஆனால் மலையைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும்.

கானில் ஒரு கட்டைகூட இல்லை.

“வெறகுக்காவது ஆகட்டும்னு எடுத்துக் காயப்போட்டாங்க அக்கா” என்றான் ரவி.

“அறிவிருக்கா உங்களுக்கு?” என்று கத்திவிட்டேன்.

பக்கத்து மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த செல்வராணி கூடையோடு இறங்கி வந்தார்.

“எங்க வீட்டுக்காரரு செத்தப்ப எரிச்சதும்மா. சாவு வீட்டுக்கு ஆளாளுக்கு வெறகு கொண்டாந்து போடுறது வழக்கம். அப்ப விடாத மழ. காஞ்சு கெடந்தது அதுதான். வந்த சனத்துக்கு அதுலதான் தேத்தண்ணி வச்சாங்க.”

நெஞ்சுவலி வந்தவரைப் போர்வையில் கிடத்தி லயத்திலிருந்து மலையைச் சுற்றித் தூக்கி வந்திருக்கிறார்கள். பாதி வழியில் உயிர் போய்விட்டது. சதுப்பின் குறுக்கே ரோடு கேட்டால், அங்கே எந்தக் காலத்திலும் ரோடு இருந்ததில்லை, போடவும் முடியாது என்கிறதாம் தோட்ட ஆபிஸ். எனக்கு வெட்கமாகிவிட்டது.

ரவி ஓர் இரும்புக் கம்பியைக் கான் ஓரத்துச் சேற்றில் இறக்கினான். டொக்கென்று இடித்தது. ஓரடி தள்ளி இறக்கினான், அங்கேயும் இடித்தது.

போகிறவர்கள் அட்டைக்கடிக்கு உப்பும் காலுக்கு நல்ல சப்பாத்தும் கொண்டுபோங்கள். கட்டையை மட்டும் இழுக்காதீர்கள். வெளியே காய்ந்தால் வெடித்துவிடும். கிடக்கிற இடத்திலேயே படமெடுத்துத் தொல்பொருள் ஆட்களுக்குச் சொல்லுங்கள். நானும் சொல்லியிருக்கிறேன். எந்தக் காலத்தது என்று அவர்கள்தான் பார்க்க வேண்டும்.

கிளம்பும்போது செல்வராணி கேட்டார். “அப்ப இதுல ரோடு இருந்தது நெசந்தானாம்மா?”

“நெசந்தான்.”

கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டே அழுதார்.

“அந்தக் காலத்து ஆளுகளுக்கு இருந்திருக்கு. இவருக்கு இல்லாமப் போச்சே.”