மாற்று ஆள் கூலி

அந்த விதியை வாசித்தபோது நானும் கைதட்டினேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் யாரைத் திட்டினாலும் இதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் லீக் கூட்டம் நடந்தது. எங்கள் பக்கத்துக் கால்பந்துக் குழுக்கள் எல்லாம் சேர்ந்து நடத்துகிற சின்ன லீக். முந்தைய வருடம் மலையடிவாரத்து டீம் ஒன்று கேரளாவிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ஆட்களைக் காசு கொடுத்துக் கூட்டிவந்து, பாதி சீசனில் கையை விரித்துவிட்டது. வந்தவர்கள் ஊருக்குப் போக பஸ் காசு இல்லாமல் நின்றார்கள். அதனால் இனி எந்தக் குழுவும் தன் வரும்படியில் பாதிக்கு மேல் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று விதி போட்டார்கள். விளையாடுகிறவன் ஏமாறக் கூடாது என்பதற்காகத்தான் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் டீம் ஸ்ரீவில்லிபுத்தூர். எனக்குப் பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் கடை. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. பந்தை ஒழுங்காக உதைத்ததே இல்லை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். கையெழுத்து மட்டும் அச்சு மாதிரி இருக்கும். அந்த ஒரு காரணத்துக்காக டீமின் எழுத்து வேலை முழுவதும் என் தலையில் விழுந்து பல வருடமாகிறது. ஆட்டக்காரர் லிஸ்ட், நன்கொடை ரசீது, லீக்குக்குக் கடிதம் எல்லாம் நான்தான்.

எங்கள் ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் இராஜபாளையம் பக்கம் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடங்களில் வேலை செய்கிறவர்கள். தறிக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆட்டமோ ஞாயிற்றுக்கிழமைதான். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டக்காரனின் ஷிப்டைப் பார்க்க ஒரு மாற்று ஆளை டீமே ஏற்பாடு செய்யும். அந்த ஆளின் கூலியை டீமே சனிக்கிழமை தறிக்கூட வாசலில் வைத்து அவர் கையில் கொடுக்கும். ஆட்டக்காரனுக்குத் தனியாக ஒரு சின்ன பேட்டா. பந்து விளையாடப் போகிறவன் வீட்டில் ஒரு நாள் கூலி குறையக் கூடாது, அவன் யாரிடமும் கெஞ்சவும் கூடாது என்று இந்த டீமை ஆரம்பித்தவர்கள் வைத்த ஏற்பாடு. அவர்களும் தறிக்காரர்கள்தான். சனிக்கிழமைதோறும் டவுன் பஸ்ஸில் போய் அந்தக் காசைக் கொடுத்துவிட்டு வருகிறவனும் நானே.

விதி வந்த பிறகு ஒரு படிவம் வந்தது. ஒரு கட்டத்தில் ஆட்டக்காரர்களுக்கான செலவு. இன்னொரு கட்டத்தில் இதர செலவு. மாற்று ஆள் கூலியை எங்கே எழுதுவது என்று நான் யாரையும் கேட்கவில்லை. ஆட்டக்காரனுக்காகக் கொடுக்கிற காசுதானே என்று முதல் கட்டத்தில் எழுதினேன். கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டேன்.

பத்து நாளில் படிவம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. எல்லை மீறியிருக்கிறது, ஆட்களைக் குறைத்துப் புது லிஸ்ட் கொடுக்கவும்.

எங்கள் செக்ரட்டரி உரக்கடைக்காரர். கடையில் நாலு சம்சாரிகள் யூரியாவுக்கு நிற்கும்போதே அந்தத் தாளை என் மூஞ்சிக்கு நேரே ஆட்டினார்.

“ஏய்யா, உன்னய எவன்யா அந்தக் கட்டத்துல எழுதச் சொன்னது? டீச்செலவுன்னு எழுத வேண்டியதுதான? வேன் வாடகைன்னு எழுத வேண்டியதுதான?”

“இல்ல அண்ணாச்சி, அது ஆளுகளுக்குக் கொடுக்கிறதுன்னு…”

“அரிச்சந்திரன் வீட்டுக்கு அடுத்த வீடாக்கும் இவரு! போய் லீக்காரன்கிட்டயே பேசி மாத்திட்டு வா.”

போனேன். லீக்கின் பொறுப்பாளர் இராஜபாளையத்து டீமுக்கும் முக்கியமான ஆள். அவர்கள் டீமின் ஆட்டக்காரர்கள் ஒரு மில்லின் ஆட்கள். ஞாயிற்றுக்கிழமை ஆடப் போனால், ஷிப்ட் பார்த்ததாகவே கணக்கு எழுதி மில்லே சம்பளம் கொடுத்துவிடும். அது டீம் செலவில் வராது. எங்கள் மாற்று ஆள் கூலி ஆட்டக்காரர் செலவு என்றால், அவர்கள் மில் கொடுக்கிற சம்பளமும் ஆட்டக்காரர் செலவுதானே? இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் சொல்ல வேண்டும். பஸ்ஸில் போகும்போது மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தேன். நல்ல வாக்கியம்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு படிவத்தைப் பார்த்தார்.

“இது யாரு கையெழுத்து?”

“என்னுது சார்.”

“நல்லாருக்கே. இம்புட்டு அழகா எழுதிட்டு இப்பப் பொய்யின்னு சொல்லுதீகளா?”

பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள்.

“எங்க ஆளுகளுக்கு மாத்து ஆளே கிடையாதுங்க. மில்லு அனுப்புது, வாரானுக. உங்களுக்கு வசதி இல்லேன்னா சின்னப் பயகள வச்சு ஆடுங்க. ஆட்டம்னா ஆட்டந்தான?”

“சரி சார்” என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்றைக்கும் பஞ்சர் ஒட்டும்போது திடீரென்று அந்த வாக்கியம் முழுசாக வாயில் வருகிறது. டியூபிடம் சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு நடந்தது கணக்கு. சுந்தரபாண்டியத்திலிருந்து காலேஜ் படிக்கிற பையன்கள் வந்தால் பேட்டா மட்டும் போதும். தறிக்காரன் ஒருவனை எடுத்தால் பேட்டாவும் வேண்டும், மாற்று ஆள் கூலியும் வேண்டும். அதிலும் வேலையில் கெட்டிக்காரனாக இருந்தால் அவன் இடத்துக்கு வருகிற ஆளும் கெட்டிக்காரனாக இருக்க வேண்டும், அவருக்குக் கூலியும் கூடுதல். தொழில் நன்றாகத் தெரிந்தவன் எவனோ அவனே டீமுக்குப் பெரிய செலவு. ஆட்டத்தில் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. மூன்று தறிக்காரர்களை டீமிலிருந்து நீக்கிவிடலாம் என்றார் செக்ரட்டரி. மூன்றாவது பெயர் என் மனைவியின் தம்பி.

அவன் ஸ்டாப்பர். கோலிக்கு முன்னால் நின்று வருகிற பந்தையெல்லாம் திருப்பி அனுப்புகிறவன். இருபது வயதிலிருந்து எங்களுக்கு ஆடுகிறான். இப்போது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. தறிக்கூடத்தில் ஜாபர். ஓடாத தறியை ஓட வைக்கிற வேலை. அங்கே அவன் இல்லாவிட்டால் பத்துத் தறி நிற்கும். அதனால்தான் செலவு. ஆட்டமும் குடும்பமும் தவிர அவனுக்கு வேறு எதுவும் கிடையாது. சினிமாகூடப் பார்க்க மாட்டான்.

வீட்டில் நான் வாய் திறப்பதற்கு முன்பே என் மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

“நீங்க எழுதுன எழுத்தாலதான எந்தம்பிக்கு இந்த வினை?”

“லீக்காரன் போட்ட விதி.”

“விதி அவன் போட்டான். கட்டத்துல எழுதுனது ஆரு? ஊருல அம்புட்டுப் பேரும் புத்தியா எழுதியிருக்கான், எனக்கு வாச்சவருக்குத்தான் உண்மை பொங்குது.”

சொல்லப் போனது சனிக்கிழமை. தறிக்கூட வாசலில் நின்றேன். வெளுத்த துணி கம்பிக் கொடிகளில் தெரு நீளத்துக்குக் காய்ந்துகொண்டிருந்தது. மச்சினன் புருவமெல்லாம் பஞ்சுத் தூசியோடு வெளியே வந்தான். நான் தயங்கி நிற்பதைப் பார்த்ததுமே சிரித்தான்.

“என்ன மச்சான், எம் பேர வெட்டியாச்சாக்கும்?”

“இன்னும் இல்ல மாப்ள. ஆனா…”

“வெட்ட வேண்டாம். எனக்கு மாத்து ஆளே வேண்டாம்னு எழுதுங்க. ஓனர்ட்டப் பேசிட்டேன். ஞாயித்துக்கிழமை எனக்கு ஆஃபு குடுத்துட்டாரு.”

எனக்கு வந்த நிம்மதியில் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. செக்ரட்டரிக்கு அதைவிடச் சந்தோஷம். “பேட்டாவும் வேண்டாம்னு சொல்லுவானான்னு கேளு” என்றார். கேட்டேன். எனக்கு வெட்கமே இல்லை, அதையும் கேட்டேன். வேண்டாம் என்றான். மற்ற இரண்டு பேர் பெயரை வெட்டிவிட்டு, அவன் பெயருக்கு நேரே செலவு இல்லை என்று எழுதினேன். லீக் ஏற்றுக்கொண்டது.

மூன்று ஆட்டம் ஆடினான். முதல் ஆட்டத்தில் வழக்கம்போல். இரண்டாவதில் கால் கொஞ்சம் பின்தங்கியது. மூன்றாவதில் யாரும் தொடாமலே கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். செக்ரட்டரி எனக்குக் கேட்கும்படியாகவே, “ஓசியில வந்தா இப்பிடித்தான்” என்றார்.

அடுத்த சனிக்கிழமை மற்ற ஆட்டக்காரர்களுக்கான மாற்று ஆட்களுக்குக் காசு கொடுக்கப் போனேன். முன்பு என் மச்சினனுக்குப் பதிலாக நின்ற பெரியவரும் அங்கே இருந்தார். பார்த்து ரொம்ப நாளாச்சே, இப்போது வேலை எப்படி என்று சும்மா கேட்டேன்.

“எப்பவும் போலத்தான். ஞாயித்துக்கிழமை ஒங்க மச்சினன் எடத்துல நிக்கேன்.”

“அவனுக்கு ஆஃபுன்னு சொன்னானே?”

“ஆஃபா? ஜாபருக்கு ஞாயித்துக்கிழமை எவன் ஆஃபு குடுப்பான்? அவருதான் தன் கையிலருந்து எடுத்துத் தாராரு. அதுக்காண்டி வாரத்துல ரெண்டு நா டபுள் ஷிப்டு நிக்காரு. பதினாறு மணி நேரம் நின்னுட்டு நீங்க பந்து வெளையாட வைக்கீக. ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?”

தெரியாது. அல்லது கேட்டால் தெரிந்துவிடும் என்று கேட்காமல் இருந்திருக்கிறேன். விளையாடுகிறவன் ஏமாறக் கூடாது என்று போட்ட விதி. என் மச்சினன் தன் காசைக் கொடுத்து விளையாடிக்கொண்டிருந்தான். படிவத்தில் எல்லாம் சரியாக இருந்தது.

அன்று அவன் உள்ளே வேலையில் இருந்தான். கூப்பிட்டுப் பேசியிருக்கலாம். செத்த நேரம் நின்றேன். என்ன சொன்னாலும் அவன் சிரித்துப் பேசி என்னைச் சம்மதிக்க வைத்துவிடுவான் என்று தெரியும். பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்து மறுநாள் ஆட்டத்துக்கான லிஸ்ட்டை எழுதும்போது அவன் பெயரை விட்டுவிட்டேன். அவன் இடத்தில் காலேஜ் பையன் பெயர். யாரும் சொல்லாமல் நானாகச் செய்தது அது. மனைவியிடமும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மைதானத்தில் இராஜபாளையத்து மில் டீமோடு ஆட்டம். மச்சினன் வந்து, பூட்ஸ் மாட்டி, கெண்டைக்காலில் துணி சுற்றி, ஓடிப் பழகிக்கொண்டிருந்தான். ரெப்ரி லிஸ்ட்டை வாசித்தார். பதினோரு பேர், பிறகு வெளியே உட்காருகிறவர்கள். அவன் பெயர் வரவில்லை. இன்னொரு முறை வாசிக்கச் சொன்னான். வாசித்தார். லிஸ்ட்டை அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்தான். அச்சு மாதிரி கையெழுத்து, யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை.

என்னிடம் நேரே வந்தான்.

“ஆரு சொல்லி வெட்டுனீக?”

“நானாத்தான் மாப்ள. நீ கைக்காசு கொடுக்கிறது தெரிஞ்சுபோச்சு. ஒடம்பு…”

“எங்காசு. என் ஒடம்பு. ஒங்ககிட்டக் கேட்டனா?”

“அக்கா என்ன நெனைப்பா…”

“அக்காவ இழுக்காதீக. நேத்து வாசல் வரைக்கும் வந்திருக்கீக. கூப்பிட்டு மூஞ்சியப் பாத்துச் சொல்ல முடியல. பேனாவால முதுகுல குத்துதீக. ஒங்களுக்கு அது ஒண்ணுதான வரும்?”

இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. சத்தமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. அவன் போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. எங்கள் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் போய் நின்றான். அவன் இடத்தில் ஆடிய பையன் பந்து போன பக்கமெல்லாம் ஓடினான். பத்து நிமிடத்தில் பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

“ஏலே, பந்தப் பாக்காத, ஆளப் பாரு! வலது பக்கம் போறான் பாரு, விடாதே! ஏலே, மாடு மாதிரி ஏன் ஓடுத? நில்லுலே, அவன் வரட்டும்!”

ஆட்டம் முடியும்வரை அப்படித்தான். பையன் ஒவ்வொரு முறையும் அந்தச் சத்தத்துக்கு நகர்ந்தான். மில் டீமால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை. கடைசியில் கார்னரிலிருந்து நாங்கள் ஒரு கோல் போட்டோம். ஜெயித்தோம்.

செக்ரட்டரி என் தோளைத் தட்டினார். முகமெல்லாம் பல்.

“பாத்தியாய்யா ஒம் மச்சினன? உள்ள விட்டா செலவு, வெளிய நின்னு கத்துனா ஓசி. கத்துறதுக்கு லீக்ல எந்தக் கட்டமும் கிடையாதுல்ல? வாராவாரம் வரச் சொல்லு.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று ஏதோ வந்தது. லிஸ்ட், ரசீதுப் புத்தகம், படிவக் கட்டு எல்லாவற்றையும் அவர் கையில் திணித்தேன்.

“இனிமே நீங்களே எழுதிக்கிடுங்க அண்ணாச்சி.”

அவர் ஏதோ சொன்னார், கேட்கவில்லை. இப்போது அங்கே ஒரு பையன் கம்ப்யூட்டரில் லிஸ்ட் அடிக்கிறானாம், தறிக்காரர்கள் ஒருவரும் டீமில் இல்லையாம். எனக்கு அதைக் கேட்டுத் துக்கமில்லை, எரிச்சல்தான்.

அன்று அங்கிருந்து நேரே கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் போனேன். மச்சினன் பூட்ஸைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தான். கத்திக் கத்திக் குரல் கட்டிப் போயிருந்தது. நான் அவனை வெட்டியது சரி என்றுதான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். டபுள் ஷிப்ட் நின்றுவிட்டது, கால் வீக்கமும் வற்றிவிட்டது என்று பிறகு பெரியவர் சொன்னார். ஆனால் முதல்நாள் தறிக்கூட வாசல் வரை போய்விட்டுக் கூப்பிடாமல் வந்தது சரியில்லை. எதிரே நின்று, “மாப்ள, நேத்தே கூப்பிட்டுச் சொல்லியிருக்கணும்” என்றேன்.

அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான்.

“இன்னைக்கு மட்டும் வாய் வருதாக்கும்” என்றான்.

ஒரு வருடத்துக்கு மேலாகிறது. தன் அக்காவைப் பார்க்க, நான் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து வீட்டுக்கு வந்துவிட்டுப் போகிறான்.