விட்டால் பிடிக்கிற பிரேக்

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி, நான் மறுத்து, அப்புறம் மாட்டிக்கொள்கிற சங்கடமெல்லாம் வேண்டாம். முப்பத்தெட்டு வருடம் பிரேக் ஃபிட்டராகச் சம்பளம் வாங்கியவன் நான். போன பங்குனியில், என் கையால் செய்த பிரேக் எப்படி வேலை செய்யும் என்பதை நானே மறந்துபோய், எங்கள் வீட்டு வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மில் போய் மோதினேன். இருநூறு லிட்டர் நீல டிரம். சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைனில் ஆறு நாளைக்கு ஒரு தடவைதான் குழாயில் தண்ணீர் வரும். அன்று காலைதான் வந்திருந்தது.

என் மனைவி ரேணுகா திட்டவில்லை. கவிழ்ந்து கிடந்த டிரம்மைப் பார்த்தாள். கோ-கார்ட் சீட்டில் தொப்பலாக நனைந்து உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். "குளிச்சாச்சு இல்ல, வந்து சாப்புடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். வண்டி வேகமெடுத்தது. பயந்துபோய்ப் பெடலை ஓங்கி மிதித்தேன். அந்த வண்டியில் மிதித்தால் ஓடும்; காலை எடுத்தால்தான் நிற்கும். உலகத்தில் எந்த வண்டிக்கும் இல்லாத இந்த ஏற்பாட்டைச் செய்த மகானுபாவனும் நான்தான். ஏன் அப்படிச் செய்தேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எலி குடியிருந்த வண்டி

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடை. ஸ்கூட்டருக்கு ஒரு போல்ட் தேடிப் போனேன். மூலையில் இது கிடந்தது. பங்காருபேட்டை ரோட்டில் எப்போதோ மூடிவிட்ட ரிசார்ட்டில் காட்டுப்பாதையில் ஓட்ட வைத்திருந்தார்களாம். குழாயை வளைத்து வெல்டு செய்த எலும்புக்கூடு, பருமனான நாலு டயர், பின்னால் ஒற்றை சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். மேலே மூடி கிடையாது, கதவு கிடையாது. போல்ட்டை மறந்துவிட்டு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தேன். ரிட்டையர் ஆனவனைத் தனியாகக் கடைக்கு அனுப்பக் கூடாது என்று ரேணுகா அன்றைக்கு முடிவு செய்தாள்.

ஏர் ஃபில்டரைத் திறந்தால் உள்ளே எலி குடும்பம் நடத்திய அடையாளம். டேங்க்கில் துரு. கார்புரேட்டரைக் கழற்றி, ரேணுகாவின் தையல் ஊசியால் ஜெட் துளையைக் குத்திச் சுத்தம் செய்தேன். செயினை டீசலில் ஊறப் போட அவளுடைய கடாயை எடுத்தேன். அது இன்றுவரை வண்டிக் கடாய்தான். அவளுக்குப் புதுக் கடாய். சேஸிஸில் மூன்று இடத்தில் விரிசல். சுரண்டி, கிரைண்டிங் போட்டு, வெல்டு வைத்தேன். முன் சக்கரத்துக்குப் புது புஷ், பின் ஆக்ஸிலுக்குப் புது பேரிங்.

ஒன்றரை மாதம் கழித்து, எஞ்சினைக் கிளப்புகிற கயிற்றை இழுத்தேன். பதினோராவது இழுப்பில் எஞ்சின் தும்மியது, பன்னிரண்டாவதில் பிடித்துக்கொண்டது. வருடக்கணக்கில் செத்துக் கிடந்த சாமான் உயிரோடு நின்று உடம்பெல்லாம் உதறுவதைப் பார்த்து, கையில் ஸ்பேனரோடு வாயைத் திறந்தபடி நின்றேன். இத்தனை வருடம் மிஷின்களோடு இருந்தும் இந்த ஆச்சரியம் மட்டும் எனக்குத் தீரவில்லை.

ஆனந்தன் அண்ணன்

அந்தச் சத்தம் நாலு வீடு தள்ளி ஆனந்தன் அண்ணனுக்குக் கேட்டது. அவரைப் பற்றிச் சொன்னால்தான் மீதி புரியும்.

எங்கள் தங்கச் சுரங்கத்தின் நந்திதுர்க் ஷாஃப்டில் அவர் வைண்டிங் டிரைவர். பூமிக்குள் ஆளை இறக்குகிற இரும்புக் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். அதன் கயிறு சுற்றுகிற ராட்சத உருளையை ஓட்டுகிறவர்தான் வைண்டிங் டிரைவர். உட்கார்ந்த இடத்திலிருந்து அவருக்குக் கேஜ் கண்ணில் படாது. மணிச் சத்தமும், முன்னால் ஆழம் காட்டுகிற ஒரு முள்ளும், உருளையில் போட்ட சாக்பீஸ் கோடும்தான். அதை வைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கான அடிக்குக் கீழே, லெவல் என்கிற சுரங்கத் தளத்தின் வாசலுக்குச் சரியாகக் கேஜை நிறுத்த வேண்டும். உள்ளே இருப்பவர்கள் இடறாமல் இறங்க வேண்டும். ஓட்டும்போது அவரிடம் யாரும் பேசக் கூடாது, அவரும் பேசக் கூடாது. வீட்டிலும் அவர் நாலு வார்த்தைக்கு மேல் பேசி நான் கேட்டதில்லை.

அந்த உருளை இருந்த எஞ்சின் ஹவுஸில் பதினேழு வருடம் நான் பிரேக் பார்த்தேன். அவர் மேலே நாற்காலியில், நான் கீழே பள்ளத்தில், உருளையை அழுத்திப் பிடிக்கிற பிரேக் ஷூவுக்குப் பக்கத்தில். சுரங்கம் மூடிய பிறகு நான் தினம் ரயிலேறி பெங்களூரில் ஒரு கிரேன் கம்பெனிக்குப் போய் அதே வேலையைப் பார்த்தேன். அண்ணன் எங்கும் போகவில்லை.

அதற்கு எட்டு மாதத்துக்கு முன்னால்தான் சர்க்கரை வியாதி அவருடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே வாங்கிக்கொண்டது. செயற்கைக் கால் புண்ணாக்குகிறது என்று ஆணியில் மாட்டிவிட்டார். வீட்டு வாசலில் மூன்று படி. வெளியே போக வேண்டுமானால் இரண்டு பேர் தூக்க வேண்டும். அதனால் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போவதை விட்டுவிட்டார்.

ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். புத்தர் படத்துக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே சயனைட் மேடு தெரிந்தது. தங்கம் எடுத்தபின் மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி மலையாகிப்போன மேடு.

"அந்த வண்டில ஒரு வாட்டி அது மேல போணும் ரத்னம். நானே போணும். ஒர்த்தரும் என்னத் தூக்கக் கூடாது."

அவர் வாயில் இத்தனை வார்த்தை வந்ததே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் மனைவி மல்லிகா அண்ணி கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்தார்.

"ஒத்தக் கால வச்சிகினு ரெண்டு பெடல் எப்டி மிதிப்பாரு? சரி, ஒரு வாட்டி போவட்டும். ஏதாச்சும் ஆச்சின்னா வண்டி இரும்புக் கடைக்குப் போயிடணும். அதுக்கப்பறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

அண்ணன் தலையாட்டினார். ஒரே ஒரு வாய்ப்பு, அதுவும் என் பிரேக்கை நம்பி.

ஒரே பெடல்

வைண்டிங் எஞ்சினில் பிரேக் எப்போதும் பிடித்தபடிதான் இருக்கும். மேலே தொங்குகிற எடை ஷூவை அழுத்திக்கொண்டே இருக்கும். டிரைவர் லிவரைத் தள்ளினால் காற்றழுத்தம் அந்த எடையைத் தூக்கும். அப்போதுதான் உருளை சுற்றும். கரண்ட் போனாலும், காற்று போனாலும், டிரைவருக்கே உயிர் போனாலும் எடை விழுந்து கேஜ் நின்றுவிடும். நிறுத்துவதற்கு ஒருவரும் ஒன்றும் செய்ய வேண்டாம். செய்வதை விட்டால் போதும்.

அதையே செய்தேன். பின் ஆக்ஸிலில் பழைய ஆட்டோவின் டிரம் பிரேக்கைப் பொருத்தி, லிவரை ஒரு முரட்டு ஸ்பிரிங்கால் இழுத்துக் கட்டினேன். ஒரே பெடல். பாதி வரை மிதித்தால் ஸ்பிரிங் விட்டுக்கொடுக்கும், பிரேக் விடும். அதற்கு மேல் மிதித்தால் ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுபடும், வண்டி ஓடும். காலை எடுத்தால் முதலில் எஞ்சின் அடங்கும், அப்புறம் பிரேக் பிடிக்கும்.

செய்து முடித்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அந்த மரியாதையோடு ஏறி உட்கார்ந்து ஓட்டியதில் நடந்ததுதான் தண்ணீர் டிரம் விவகாரம். பிரேக்கைப் பற்றி எல்லாம் தெரிந்த என் காலுக்கு அது தெரியவில்லை.

அடிக்குது

சீட்டைத் தூக்கி, அண்ணன் வீட்டு இரண்டாவது படியின் உயரத்துக்குச் சரியாக வைத்தேன். வண்டியைப் படிக்குப் பக்கத்தில் நிறுத்தி, பின் சக்கரம் தரையில் படாமல் செங்கல் மேல் ஏற்றினேன். அண்ணன் படியில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து, கையை ஊன்றி சீட்டுக்கு மாறினார். நான் கை நீட்டினேன். அவர் பார்த்த பார்வையில் கையைப் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன்.

எஞ்சின் ஓடியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். இடது காலால் மெதுவாக மிதித்தார், சக்கரம் சுற்றியது. காலை எடுத்தார். டக்கென்று நின்றது. நான் பெருமையோடு அண்ணியைப் பார்த்தேன்.

"புடிக்கல," என்றார் அண்ணன். "அடிக்குது."

எனக்கு உள்ளுக்குள் ரோஷம். நின்றதா இல்லையா, அதைச் சொல்லுங்கள் என்று வாதாடினேன். அவர் திரும்பத் திரும்ப மிதித்தார், எடுத்தார். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு எனக்கே கேட்டது. ஒவ்வொரு தடவையும் செயின் ஒரு கணம் துடித்து அடங்கியது. சரிவில் இப்படி நின்றால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி குறுக்கே திரும்பிவிடும். எஞ்சின் ஹவுஸில் எடை தடாலென்று விழாமலிருக்க ஒரு எண்ணெய் சிலிண்டர் இருந்தது. பதினேழு வருடம் அதற்கு எண்ணெய் ஊற்றியவன் நான். எதற்காக ஊற்றினேன் என்பது அந்த மத்தியானம்தான் எனக்கு உறைத்தது.

ஒரு பழைய மொபெட்டின் ஷாக் அப்சார்பரை லிவருக்குக் குறுக்கே பொருத்தினேன். இப்போது ஸ்பிரிங் இழுத்தால் பிரேக் நிதானமாக வந்து உட்கார்ந்தது. அண்ணன் மறுபடி கண்ணை மூடி ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அவரிடம் அது சர்ட்டிபிகேட்.

மேட்டில்

ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தின நாள் மழையில் மேட்டு மண் இறுகியிருந்தது. அண்ணன் தானே படியிலிருந்து நகர்ந்து ஏறினார், பெல்ட்டைக் கட்டினார், லைனைத் தாண்டி ஓட்டிக்கொண்டு போனார். ஸ்கூட்டரில் அண்ணியை ஏற்றிக்கொண்டு நான் பின்னாலேயே போனேன். எதிரே வந்தவர்கள் எல்லாம் ஓரமாக நின்று பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை. நான் ஓட்டியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

பக்கவாட்டில் ஜீப் போன தடம் ஒன்று மேலே ஏறுகிறது. நாங்கள் மேட்டடியில் நிற்க, அதில் ஏறினார். பாதி மேடு, முக்கால் மேடு. திடீரென்று எஞ்சின் கத்த ஆரம்பித்தது. மண் புகுந்து ஆக்ஸிலேட்டர் கேபிள் இழுத்த இடத்திலேயே மாட்டிக்கொண்டுவிட்டது என்று சத்தத்திலேயே எனக்குத் தெரிந்தது. பத்தடி தள்ளி விளிம்பு. அதற்கப்பால் மண் செங்குத்தாக அறுந்து கிடக்கும்.

கையை வீசிக்கொண்டு கத்தினேன். என்ன கத்தினேன் தெரியுமா? "மிதிங்கண்ணா, மிதிங்க" என்று. மிதித்திருந்தால் பிரேக் பிடிக்கவே பிடிக்காமல், வண்டி விளிம்பைத் தாண்டியிருக்கும். என் புத்தி இன்னும் தண்ணீர் டிரம் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

அண்ணன் காலை எடுத்துவிட்டார். அவ்வளவுதான். உடம்பு அசையவில்லை, தலை திரும்பவில்லை. ஸ்பிரிங் பிரேக்கை இழுத்துப் பிடித்தது, எஞ்சினோடு தானாகச் சேருகிற கிளட்ச் வழுக்கிக்கொண்டு புகைந்தது, எஞ்சின் கத்தியது, வண்டி அதே இடத்தில் நின்றது. பிறகு கையை நீட்டி, விளக்கை அணைக்கிற மாதிரி சுவிட்சை அணைத்தார்.

நான் மேலே ஓடப் போனேன். அண்ணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"போவாத. தூக்கக் கூடாதுன்னாரு இல்ல."

பிடித்த பிடியை விடவில்லை. இரும்புக் கடைக்குத் தள்ள அதைவிட நல்ல காரணம் அவருக்குக் கிடைத்திருக்காது. ஆனால் நின்றார். நானும் நின்றேன். மேலே அண்ணன் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் ஷாஃப்ட், லைன், கோயில், சர்ச் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும். என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது.

எஞ்சினைத் தொடவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்து, பெடலைப் பாதி மிதித்து, வண்டியைப் பின்னால் உருளவிட்டு முன்பக்கத்தைக் கீழே திருப்பி, அந்தச் சரிவில் பிரேக்கை மட்டும் வைத்துக்கொண்டு வண்டியை இறக்க ஆரம்பித்தார். சத்தமே இல்லை. மண் நெரிபடுகிற ஒலி மட்டும். ஒரு குலுக்கல் இல்லை, ஒரு வழுக்கல் இல்லை. ஆள் நடக்கிற வேகத்தில், ஒரே சீராக, யாரோ கயிற்றில் கட்டி இறக்குகிற மாதிரி வண்டி இறங்கி வந்தது. பதினேழு வருடம் பள்ளத்துக்குள் உட்கார்ந்து, கேஜை நிறுத்துவது என் பிரேக்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். தலைக்கு மேலே அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதை முதல் தடவையாக வெளிச்சத்தில் பார்த்தேன்.

மேட்டடியில் அண்ணி தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தார். வண்டி வந்து நின்றது. அண்ணி ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. கையை நீட்டினார், பாட்டில் அண்ணன் கைக்குப் போனது. தண்ணீர் குடித்து முடிக்கும்வரை அண்ணி அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு முந்தானையால் அவர் நெற்றி மண்ணைத் துடைத்தார். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இந்த வேலைக்கு வரப்போகிற தம்பிகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். பிரேக்கைச் செய்து முடித்ததும் நீ ஓட்டிப் பார்த்து மகிழ்ந்துபோகாதே. அதை நம்பி உட்காரப்போகிறவரை உட்கார வை. அவர் குறை சொன்னால் வாதாடாமல் கேள்.

இதையெல்லாம் அங்கேயே அண்ணனிடமும் சொன்னேன். இன்னும் நிறைய சொன்னேன். கண் கலங்கியது, மூக்கை உறிஞ்சினேன், இத்தனை வருடம் உங்கள் அருமை தெரியாமல் கீழே உட்கார்ந்திருந்தேனே என்றேன். அண்ணன் நான் முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். பிறகு பாட்டிலை மூடியபடி சொன்னார்:

"கேபிளத் தொடச்சிக் குடு."