விசில் அக்காவின் இரண்டு நரம்பு

அந்தப் பேருந்தில் தினமும் போகிறவர்களுக்குக் கண்டக்டர் வெறும் கண்டக்டர் இல்லை, விசில் அக்கா. விசில் வாயில் இல்லாத நேரத்தில் நெஞ்சு ஊதும்; சின்ன வயதிலிருந்தே மூச்சிழுப்பு. படியில் தொங்குகிறவனை, “உள்ள வாப்பா, வெளியில உனக்கு யாரு சீட்டு போட்டு வெச்சிருக்கா?” என்று ஒரே அதட்டலில் உள்ளே இழுத்துவிடுவாள். ஒருநாள் டிரைவர் போட்ட திடீர் பிரேக்கில் அவளே விழுந்து, வலது மணிக்கட்டு முறிந்தது. அறுவை செய்து தகடு வைக்க வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

இழுப்புக்காரிக்கு முழு மயக்கம் ஆபத்து. அக்குளில் ஊசி போட்டுக் கையை மட்டும் மரத்துப்போகச் செய்ய மயக்க மருத்துவர் வந்தார். இளம்பெண்.

“கக்கத்துலயா? கூச்சத்துல கையை மடக்கிடுவேன் டாக்டரம்மா.”

“மடக்குனா ஊசியும் உள்ளயே மாட்டிக்கும். சும்மா இருங்கக்கா.”

“முன்னாடி அங்க ஒரு கட்டி வந்து ஸ்கேன் எடுத்தாங்க. எனக்கு நரம்பு ரெண்டு ஓடுதாம்.”

மருத்துவர் சிரித்தார். “எல்லாருக்கும் அங்க நாலஞ்சு ஓடும்.”

ஸ்கேன் கருவியை அழுத்திப் பிடித்து, திரையில் நரம்புகளைத் தேடித் தேடி மருந்தைச் செலுத்தினார். விரல்கள் கனத்தன. மரத்துவிட்டதா என்று ஐஸ் வைத்துப் பார்த்தபோது, கட்டைவிரலின் பின்புறம் மட்டும் சுரீர் என்கிறது என்றாள்.

“பயம்தான். ஆரம்பிச்சிடலாமா?” என்றார் பக்கத்தில் காத்திருந்த அறுவை மருத்துவர். ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டுவாள் என்று அவள் கணவன் வாசலிலேயே பற்றவைத்துவிட்டுப் போயிருந்தான். இனி அவள் பேச்சு எடுபடுமா? நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்தது.

“டாக்டரம்மா, நான் சொன்ன நரம்பு... நீலமா இருக்குமே, ரத்தம் எடுப்பாங்களே, அது!”

மயக்க மருத்துவர் நிமிர்ந்தார். “ரத்தக்குழாயா? அதையா நரம்புன்னீங்க?”

“வேற எதைச் சொல்லுவாங்க?”

ஸ்கேன் கருவியை மறுபடி வைத்து, இந்தமுறை அழுத்தாமல் பிடித்தார். அழுத்தினால் அந்தக் குழாய் தட்டையாகித் திரையிலிருந்தே மறைந்துவிடும். இப்போது பெரிய குழாயின் பக்கத்தில் இன்னொன்று கறுப்பாக விரிந்தது. கட்டைவிரலுக்குப் போகும் நிஜ நரம்பை, கூட்டத்தில் இடித்துத் தள்ளுவதுபோல, அது ஒரு மூலைக்கு ஒதுக்கியிருந்தது. மருந்து அந்தப் பக்கமே போகவில்லை.

“சாரிக்கா. இன்னொரு ஊசி.”

“போடுங்க. மூலையில நிக்கிறவங்களைத்தான் முதல்ல கவனிக்கணும்.”

மறுபடி ஐஸ் வைத்தார்கள். ஒன்றும் தெரியவில்லை. மேசைமேல் கிடந்த தன் கையை அக்கா எட்டிப் பார்த்தாள்.

“இது யாரு லக்கேஜ்? டிக்கெட் எடுத்தாச்சா?”

நெஞ்சு விசில் நின்றிருந்தது. அறுவை மருத்துவர் கத்தியை எடுத்தார்.